லாரிக்குப் பின்னால் நிற்பவர்

சாலையை முழு உருவத்தோடு கடக்கும் ஆளைக் கண்டுகொள்வது தானியங்கி வாகனத்தின் கேமராவுக்கு இன்று பெரிய காரியமல்ல. தமிழக–கேரள எல்லையான வாளையாறில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் இடுக்கிலிருந்து நீளும் தலையும், போடிமெட்டு தாண்டி இடுக்கியின் பூப்பாறைச் சாலையில் மூடுபனிக்குள் பாதி கரைந்து நடக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளியும்தான் அதைத் திணறடிக்கும்.

படத்தில் ஆள் இருக்கக்கூடிய இடங்களிலெல்லாம் மென்பொருள் பல கட்டங்கள் போடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் கட்டங்களை ஒரே ஆள் என்று கொண்டு, மதிப்பெண் கூடியதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கிறது. தாயை ஒட்டி நடக்கும் பிள்ளையின் கட்டமும் அப்படிக் கழிந்துபோகலாம். கேமராவில் பதிந்த பிள்ளை கணக்கில் விடுபடுகிறது. இதற்கு மாற்றாகத் தலை, தோள், கால் எனத் தனித்தனியே தேடும் முறைகள் வந்துள்ளன. முந்தைய நொடிகளின் படங்களை நினைவில் வைத்து, லாரிக்குப் பின்னால் போனவர் இன்னும் வெளிவரவில்லை என்று கணிக்கும் முறைகளும் உண்டு. ரேடார் அலை சில சமயம் லாரியின் அடிப்பக்கமாகவே புகுந்து அப்பாலுள்ளதைத் தொட்டுத் திரும்பும்.

மறைவு அரிதானதும் அல்ல. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட பாதசாரிப் படத்தொகுப்பில் சுமார் 70 சதவீதம் பேர் ஒரு படத்திலாவது மறைந்திருந்தனர். நம் சாலைகளுக்கென ஐஐஐடி ஹைதராபாத் உருவாக்கிய ஐடிடி படத்தொகுப்பின் முதல் பதிப்பில் சுமார் 10,000 படங்கள் இருந்தன. ஆட்டோவும் விலங்கும் அதில் தனி வகைகள். ஆனால் அவை ஹைதராபாத், பெங்களூரு வட்டாரப் படங்கள். இடுக்கியின் பனிக்கும் வளைவுக்கும் அந்தப் பயிற்சி போதாது.

பயிற்சி கூடினாலும் பாறையை ஊடுருவிக் கேமரா பார்க்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பும் ஜீப் ஓட்டுநருக்கு இது தெரியும். கண்ணுக்கு எட்டாததை அவர் காதுக்கு விட்டுவிடுகிறார்.

மறைவில் இருப்பது தெரியாத இதே இடைஞ்சலை ரயில்வே சந்தித்திருக்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவு கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. புதருக்குள்ளிருந்து வரும் யானை ஓட்டுநரின் கண்ணில் படும்போது ரயிலை நிறுத்தத் தொலைவு இருக்காது. எனவே பார்க்கும் வேலை ரயிலிலிருந்து தடத்தின் ஓரத்துக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனப்பகுதியில் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் இயங்கத் தொடங்கின. யானை தடத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகும். ரயில்வேயின் பாலக்காடு கோட்டம் தடத்தோரம் புதைத்த ஒளியிழை வழியே காலடி அதிர்வை உணரும் முறைக்குப் போனது. அதற்குக் கண்ணே தேவையில்லை.

தானியங்கி வாகனத்தை விற்பவர்கள் எல்லாக் கண்களையும் வண்டியின் மேலேயே பொருத்தப் பார்க்கிறார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ரயில்வேயின் வழிதான் பொருந்தும்: வளைவில் நிற்கும் கருவி அப்பால் ஆள் வருவதை வண்டிக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அடர்பனியில் வெப்பக் கேமராவின் பார்வையும் சுருங்கும். எச்சரிக்கை வராத வளைவில், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் வண்டி போக வேண்டும்.