அணு அரக்கனும் ஆகாயத் தாமரையும்

மாணவ நண்பர்களே, விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் படிக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டென்றால், பின்வரும் கதையை ஏதேனும் ஒரு வடிவில் சந்தித்திருப்பீர்கள். ஓர் ஆய்வுக்கூடம், அதில் பேராசை கொண்ட ஒரு விஞ்ஞானி, ஒரு விபத்து. கதிர்வீச்சு எங்கும் பரவுகிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத் திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் மனித நடமாட்டமே இல்லை. தெப்பக்குளத்தில் முதலை அளவுள்ள தவளைகள் மிதக்கின்றன. காவிரிக்கு அப்பால், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை ஏதோ ஒரு ராட்சதக் கொடி பின்னி வளைத்திருக்கிறது.

இத்தகைய கதைகளிடம் எனக்குப் பகை இல்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா தமிழில் விஞ்ஞானக் கதைகளுக்கு எத்தனையோ வாசகர்களைத் தேடித் தந்தார். ஆனால், மேலே சொன்ன கதை நம்மைத் தவறான திசையைப் பார்த்து அஞ்சச் சொல்கிறது என்பது என் கருத்து.

கதிர்வீச்சினால் மரபணுவில் உண்டாகும் திடீர் மாறுதலைச் சடுதி மாற்றம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படி மாற்றம் பெற்ற ஓர் உயிரை நம் திருச்சியிலேயே காணலாம். இங்குள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, காமாக் கதிர்களால் மாற்றம் பெற்ற வாழை ஒன்றை அண்மையில் உருவாக்கியுள்ளன. அதன் பெயர் ‘காவேரி வாமன்’. உழவர்கள் ஜி-9 என்று அழைக்கும் கிராண்ட் நைன் வாழையிலிருந்து வந்தது, ஆனால் குட்டையானது. குட்டை மரம் காற்றுக்கு எளிதில் சாயாது என்பதே அதன் சிறப்பு. கதைகளின் கணக்குப்படி இந்த வாமனன் விசுவரூபம் எடுத்து ஸ்ரீரங்கம் தீவையே விழுங்கியிருக்க வேண்டும்! உண்மையில் அதற்கு விதைகூட இல்லை. உழவர் கன்று வைத்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை உண்டு. ஆய்வுக்கூடத்துச் சடுதி மாற்றங்களில் பெரும்பாலானவை இத்தகையவைதாம். மனிதனின் கவனிப்பின்றித் தோட்டத்தில் பிழைத்துக் கிடப்பதே அவற்றுக்குப் பெரும்பாடு.

சரி, ஊரை விழுங்கும் உயிர் எது? உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாலம் ஒன்றில் நின்று கீழே பாருங்கள். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் வளைந்து செல்லும் இந்த வாய்க்கால் சோழர் காலத்தது. பல இடங்களில் இதன் நீர் கண்ணுக்குத் தெரியாதபடி பச்சைப் பாய் விரித்தாற்போல் ஆகாயத் தாமரை மூடிக் கிடப்பதைக் காணலாம். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. ஊதாப் பூவின் அழகில் மயங்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். காம்பில் காற்றறைகள் இருப்பதால் மிதக்கிறது. பக்கத்தண்டு விட்டு ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிக் கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. விதைகளோ சேற்றில் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட உயிருடன் உறங்கும். தன் நாட்டில் அதைத் தின்று அடக்கி வைத்த பூச்சிகள் இங்கு உடன் வரவில்லை. இதில் எந்தச் சடுதி மாற்றமும் இல்லை, எந்த அணுவும் வெடிக்கவில்லை. ஒரு பூச்செடி இடம் மாறியது, அவ்வளவே. சீமைக்கருவேலத்தின் வரலாறும் ஏறக்குறைய இதுதான். 1870களில் சென்னை மாகாண வனத்துறை விறகுக்காக நல்லெண்ணத்துடன் தருவித்த மரம் அது.

மாற்றம் பெற்ற உயிர்கள் மனிதனைத் திருப்பித் தாக்கியதே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தாக்கியதுண்டு. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். அதற்கு முன் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்த காய்ச்சல், 1961இல் ஏறக்குறைய 50 ஆயிரமாகக் குறைந்தது. மகத்தான வெற்றி! 1976இலோ 64 லட்சம். இடையில் என்ன நடந்தது? டி.டி.டி. கொசுவின் மரபணுவை மாற்றிவிடவில்லை. இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். லட்சக்கணக்கான கொசுக்களில் மருந்தைத் தாங்கும் சடுதி மாற்றம் உடைய சில எப்போதும் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துத் தந்தது. வெற்றி வந்துவிட்டதென்று கண்காணிப்பும் தளர்ந்தது. மருந்தும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. இதை விஞ்ஞானத்தின் தோல்வி என்பதா? பாதியில் நிறுத்திய விஞ்ஞானத்தின் தோல்வி என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இதே ஆபத்து ஸ்ரீரங்கம் தீவின் வாழைத் தோட்டங்களுக்கும் உண்டு. கன்றிலிருந்தே பெருகுவதால் ஒரு தோட்டத்து மரங்கள் அனைத்தும் ஒரே மரத்தின் நகல்கள் எனலாம். ஒன்றை வீழ்த்தத் தெரிந்த நோய்க்கு எல்லாமே எளிய இரை. ‘குரோ மிஷேல்’ என்ற ஒரே ரகத்தை நம்பிய மத்திய அமெரிக்காவின் மாபெரும் தோட்டங்களை, மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வாடல் நோய் 1950களில் அழித்தது. அங்கே பாடம் கற்றார்களா? இல்லை. கேவண்டிஷ் என்ற இன்னொரு ஒற்றை ரகத்தை அதே பரப்பில் நட்டார்கள். இப்போது அதையும் வீழ்த்தும் பூஞ்சை இனம் ஆசியாவில் பரவி, பீகார், உத்தரப் பிரதேச வயல்களிலும் தென்பட்டு, 2019இல் கொலம்பியாவையும் எட்டியது. நம் ஜி-9 வாழையும் கேவண்டிஷ் வகைதான். பூவன், கற்பூரவள்ளி, நேந்திரன், மொந்தன் எனப் பல ரகங்களை இன்னும் பயிரிடும் திருச்சி உழவரை ‘பழமைவாதி’ என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

முழுமையாகச் செய்த விஞ்ஞானம் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரிப் பயிர்களைச் சூறையாடியது. மருந்தடித்துப் பயனில்லை. இந்தப் பூச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே இதன் எதிரி யார் என்று தேடினார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி வந்தது. வந்ததும் வயலில் விட்டுவிடவில்லை. வேறு எந்த நல்ல பூச்சியையும் அது தாக்காது என்று அடைத்து வைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இதற்கு முன்னோடியும் உண்டு: நம் நிலங்களை மூடிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை, 1926இல் இலங்கையிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி சில ஆண்டுகளிலேயே தின்று தீர்த்தது.

அப்படியானால் உய்யக்கொண்டானிலும் ஒரு பூச்சியை விட்டுவிடலாமே என்று தோன்றுகிறதா? ஆகாயத் தாமரையைத் தின்னும் கூன்வண்டுகள் 1980களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. பெங்களூர் ஏரிகள் சிலவற்றில் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் நகரத்துச் சாக்கடை கலக்கும் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி. அந்த உணவில் செழிக்கும் செடி, வண்டு தின்னும் வேகத்தைவிட விரைவாகத் தழைத்துவிடுகிறது. பொக்லைன் இறக்கி வாரிக் கரையில் போட்டாலும் அதே கதைதான். வாய்க்காலுக்குள் திறந்திருக்கும் சாக்கடை வாய்கள் எத்தனை, அவை எங்கெங்கே என்று ஒரு விடுமுறை நாளில் கரையோரம் நடந்து, ஆசிரியர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.