வலியை வினவும் தமிழ்

முதுகெலும்பின் தேய்வைக் கதிர்ப்படம் காட்டும். அத்தேய்வு தரும் துன்பத்தின் அளவை நோயாளியின் சொல்லே காட்டும். அச்சொல்லை அளவிட இங்கிலாந்தில் உருவாகி, 1980இல் வெளிவந்தது ஆஸ்வெஸ்ட்ரி வினாப்பட்டியல். நடத்தல், அமர்தல், உறங்குதல் முதலிய பத்துப் பிரிவுகள். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

இதனைத் தமிழாக்க அகராதி மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. அமர்தல் பற்றிய கூற்றுகள் நாற்காலியைக் கருதி அமைந்தவை. சின்னாளப்பட்டியில் குழித்தறியில் கால்களை இறக்கி நெடுநேரம் அமரும் நெசவாளர், 'நாற்காலியில் அமர இடரில்லை' எனக் குறிக்கக்கூடும். தறியில் அவர் படும் துன்பம் மதிப்பெண்ணில் ஏறாது. மருத்துவரும் வலி குறைவென்றே கருதுவார்.

எனவேதான் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, அவற்றை ஒன்றாக்குகின்றனர். மூலத்தைக் காணாத வேறிருவர் அதனை ஆங்கிலத்திற்கு மீட்கின்றனர். வல்லுநர் குழு இரண்டையும் ஒப்பிடுகிறது. பின்னர் 30 முதல் 40 நோயாளிகளிடம் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதைக் கேட்டறிகின்றனர். உடல்நிலை மாறாதவர் சில நாள் கழித்தும் அதே விடையைத் தருகிறாரா என்றும் சோதிக்கின்றனர்.

மூலத்தை மாற்றினால் பிறநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட இயலாது என்பர் சிலர். ஒப்பிடவேண்டியது துன்பத்தின் அளவையே. நாற்காலி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

மாணவர்களே, நாளை நீங்கள் மருத்துவராகலாம், இயன்முறை மருத்துவராகலாம். வினாத்தாளை நீட்டி விடை பெறுவதோடு நில்லாமல், 'இதில் உங்களுக்கு என்ன விளங்கிற்று?' என்றும் கேளுங்கள்.