கையெழுத்தை அம்மாவிடம் வாங்குங்கள்

14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போட, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனமார வரவேற்கிறோம். இலங்கை 2017-லேயே இந்த ஊசியைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்துவிட்டது. அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தில், அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்ணின் உடலில் அந்நோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே புகுந்திருக்கும். 2022-ல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்களை இந்நோய் பலிகொண்டதாகச் சர்வதேச மதிப்பீடு சொல்கிறது.

ஆனால் ஊசியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில் நமக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு இதே ஊசி போடப்பட்டபோது, பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது பலர் காதில் ஏறவில்லை. 2010 ஏப்ரலில் நாட்டில் இந்த ஊசி போடும் ஆய்வுகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. அப்போது திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உள்ளிட்ட மையங்களில் ஊசியைப் பல தவணைகளாகப் போட்டு நடந்துவந்த ஆய்வும் பாதியில் நின்றது. அதனால் ஒரே தவணையோடு விடுபட்ட சிறுமிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில்தான், ஒரு தவணையே நல்ல பாதுகாப்பு தருகிறது என்று தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒரு தவணையை ஏற்றுக்கொண்டது. உலகத்துக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

எனவே தலைமையாசிரியர் மூலம் படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று அதிகாரிகள் நினைக்கக் கூடாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குப் பக்கத்தில் நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கும் தாயிடம் செவிலியர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வருபவரை அந்தத் தெரு அறியும்; செவிலியர் அவரோடு போகட்டும். உடலுறவு வழியே பரவும் வைரஸ் இது என்பதை மறைக்காமல் சொல்லட்டும். நாளை கட்டப்போகும் கணவன் மூலமாகவும் மகளுக்குத் தொற்றலாம், அதற்கு முன்பே போட்டால்தான் முழுப்பலன் என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் புரியும். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற புரளிக்கும் அங்கேயே, அவர் முகம் பார்த்தே பதில் சொல்லட்டும்.

அந்தத் தாய்க்கு 30 வயது கடந்திருந்தால் அவரையும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைத்து வரவேண்டும். பள்ளியைப் பாதியில் விட்ட சிறுமிகளின் பெயர்களைத் தெருவாரியாகத் தனியே எழுதி, அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இந்த ஊசி கிடைக்கும்படி மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.