ஆறா, முப்பத்து மூன்றா?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. 'உங்க செல்டிக்ஸ் பாஸ்கெட்பால் டீமில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார்?' என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். தலை நரைத்தவராக இருந்தால் 'ரஸ்ஸல்' என்பார். எண்பதுகளில் மீசை முளைத்தவராக இருந்தால் 'பேர்ட்' என்பார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் மாட்டிக்கொண்டால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

பில் ரஸ்ஸலுக்குப் பனியனில் 6-ம் நம்பர். லாரி பேர்ட்டுக்கு 33. அதே பச்சை, அதே அரங்கம். ஆனால் சேர்ந்து ஆடியது ஒரு நாள்கூடக் கிடையாது. ரஸ்ஸல் செல்டிக்ஸுக்கு ஆட வந்தது 1956 டிசம்பரில். இண்டியானா மாநிலத்தில் லாரி பேர்ட் பிறந்ததும் அதே டிசம்பரில்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ரஸ்ஸல் ஆடியது 13 சீஸன். ஜெயித்த சாம்பியன்ஷிப் 11. அதிலும் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. (அச்சுப்பிழை இல்லை, எட்டேதான்.) பேர்ட் ஆடியதும் 13 சீஸன். ஜெயித்தது மூன்று: 1981, 1984, 1986. பதினொன்று பெரிசா, மூன்று பெரிசா என்றால் ஒண்ணாங்கிளாஸ் பையன் சொல்லிவிடுவான். அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

ஏனென்றால் பாயிண்ட் கணக்கில் பேர்ட் முந்துகிறார். ஆட்டத்துக்குச் சராசரி 24.3. ரஸ்ஸலுக்கு 15.1 தான். ரஸ்ஸல் கூடையில் பந்து போடுவதற்காக அவதரித்தவர் இல்லை, மற்றவன் போடாமல் பார்த்துக்கொள்வதற்காக அவதரித்தவர். எதிராளி எம்பிப் பந்தை விடுகிற நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு நீளக் கை குறுக்கே வரும். மற்ற ஆட்டக்காரர்கள் இப்படித் தட்டினால் பந்து கேலரியில் போய் விழும், ஜனங்கள் விசிலடிப்பார்கள், ஆனால் பந்து மறுபடியும் எதிராளிக்கே. ரஸ்ஸலுக்கு அந்த அல்ப சந்தோஷம் வேண்டாம். பந்து கோர்ட்டுக்குள்ளேயே, முடிந்தால் தன் ஆள் கையிலேயே போய் விழுகிற மாதிரி பதமாகத் தட்டுவார். நாம் கண்ணை இமைப்பதற்குள் அந்தக் கோடியில் செல்டிக்ஸுக்கு இரண்டு பாயிண்ட்.

வேடிக்கை என்னவென்றால், இப்படித் தடுத்த பந்துகளை என்.பி.ஏ. எண்ணி எழுத ஆரம்பித்ததே 1973-74 சீஸனில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ரிடையராகிவிட்டார். ஆயுசு முழுக்கப் பார்த்த முக்கியமான வேலைக்கு சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி கிடையாது! அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தனி விருது என்று 1969-ல் ஆரம்பித்தார்கள். அதுதான் ரஸ்ஸலின் கடைசி இறுதிச் சுற்று. அப்போது அவரே ஆட்டக்காரர், அவரே கோச். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழாவது ஆட்டம். லேக்கர்ஸ் டீமின் முதலாளி, ஜெயித்தவுடன் கொட்டுவதற்காகக் கூரையில் வலை கட்டி பலூன்களை ரொப்பி வைத்திருந்தார். செல்டிக்ஸ் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் மேலேயே தொங்கின. சரி, விருது யாருக்கு? தோற்ற டீமின் ஜெர்ரி வெஸ்ட்டுக்கு! (வெஸ்ட் பிரமாதமாகத்தான் ஆடினார், அது வேறு விஷயம்.) பதினொரு கோப்பைக்காரர் அந்த விருதைக் கையில் வாங்காமலே வீட்டுக்குப் போனார். நாற்பது வருஷம் கழித்து, 2009-ல், அந்த விருதுக்கே பில் ரஸ்ஸல் பெயரை வைத்து என்.பி.ஏ. பாவத்தைக் கழுவிக்கொண்டது.

இப்போது பேர்ட் பக்கம் வருவோம். பிரெஞ்ச் லிக் என்ற சின்ன ஊர். பெரிய யூனிவர்சிடியில் சேர்ந்து ஒரு மாசம்கூடத் தாங்காமல் ஊர் திரும்பி, குப்பை லாரியில் வேலை பார்த்த பிள்ளை. பிறகு வேறொரு காலேஜில் சேர்ந்து பேர் வாங்கினார். ஓடினால் வேகம் கிடையாது, எம்பினால் உயரம் கிடையாது. ஆனால் பந்து எங்கே போகப் போகிறது என்பது பந்துக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். முந்தைய சீஸனில் 29 ஆட்டம்தான் ஜெயித்திருந்த செல்டிக்ஸ், இவர் வந்த 1979-80 சீஸனில் 61 ஜெயித்தது. 1984, 85, 86 மூன்று வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான்.

வாய்க்கொழுப்பும் கொஞ்சம் ஜாஸ்தி. 1986-ல் மூன்று பாயிண்ட் ஷாட்டுக்கென்று தனிப் போட்டி முதல்முதலாக நடந்தபோது, டிரஸ்ஸிங் ரூமில் மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'ரெண்டாவது இடம் யாருக்கு?' என்று விசாரித்தாராம். போய் முதல் இடத்தை வாங்கிக்கொண்டார். அதே பிப்ரவரியில் போர்ட்லேண்டில் ஓர் ஆட்டம். இன்றைக்கு இடது கையால் போட்டுப் பார்ப்போமே என்று கிளம்பி 47 பாயிண்ட் எடுத்தார். 1984 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் ஏ.சி. இல்லாத பாஸ்டன் கார்டன் அரங்கில் 97 டிகிரி. லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் பெஞ்சில் ஆக்ஸிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். பேர்ட் 34 பாயிண்ட், 17 ரீபவுண்ட்.

முதுகு போன கதை இன்னும் விசேஷம். 1985 கோடையில் அம்மா வீட்டு வாசலில் கார் போக வழி போடுகிறேன் என்று தானே மண்வெட்டி பிடித்து ஜல்லி அள்ளிப் போட்டார். ஆள் வைத்துச் செய்ய இவரிடம் காசா இல்லை? அன்றைக்குப் பிடித்த வலி விடவேயில்லை. கடைசி வருஷங்களில் பெஞ்சில் உட்கார முடியாமல் கோர்ட் ஓரம் தரையில் படுத்தபடி ஆட்டம் பார்ப்பார். கோச் கூப்பிட்டால் எழுந்து போய் ஆடுவார். இப்படிப்பட்ட மனுஷரை ஓர் ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

முன்னால் வந்தவரைத் தூக்கி வைத்துக்கொள்ளாததுதான் இடிக்கிறது.

ரஸ்ஸல் காலத்தில், லீகிலேயே தலைசிறந்த டீம் ஆடுகிறபோது, பாஸ்டன் கார்டனில் ஆயிரக்கணக்கான நாற்காலிகள் காலி. அதே அரங்கில், அதே வருஷங்களில், தோற்றுக்கொண்டே இருந்த ஐஸ் ஹாக்கி டீமுக்குக் கூட்டம் நெரிந்தது. பேர்ட் வந்தபின் 1980 டிசம்பரில் மாட்டிய ஹவுஸ்ஃபுல் போர்டை, அவர் போன பிறகும், 1995 வரை கழற்றவில்லை.

ரஸ்ஸல் கறுப்பர், பேர்ட் வெள்ளைக்காரர் என்பதை இதுவரை நான் சொல்லவில்லை. சொல்லாமலே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் ரஸ்ஸல் வீடு வாங்கிக் குடியிருந்தார். குடும்பத்தோடு வெளியூர் போய்த் திரும்பிய ஒரு நாள், வீட்டுக்குள் புகுந்து எவனோ கோப்பைகளை உடைத்திருந்தான். சுவர் முழுக்க இனத்தைச் சொல்லும் வசவு. ராத்திரி படுக்கப் போனபோது போர்வைக்கு அடியில் மலம். இதையெல்லாம் அவர் மகள் 1987-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதன் பிறகு அந்த மனிதர் ஊர்க்காரர்களுக்கு ஆட்டோகிராஃப் போடவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி? 'நான் ஆடியது செல்டிக்ஸுக்கு, பாஸ்டனுக்கு இல்லை' என்பது அவர் கட்சி.

யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. என்.பி.ஏ.வில் ஒரு கறுப்பினத்தவரை முதன்முதலில் தேர்ந்தெடுத்தது செல்டிக்ஸ்தான், 1950-ல், சக் கூப்பர். ஐந்து கறுப்பர்களை ஒன்றாகக் கோர்ட்டில் இறக்கி ஆட்டத்தை ஆரம்பித்த முதல் டீமும் அதுதான், 1964-ல். 1966-ல் லீகின் முதல் கறுப்பினக் கோச்சாக ரஸ்ஸலை நியமித்ததும் அதே செல்டிக்ஸ். ஆக, டீமுக்குக் கண் தெரிந்தது; ஊருக்குத்தான் புரை விழுந்திருந்தது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தோலின் நிறத்தையே காரணம் காட்டிவிட முடியாது. ஐம்பதுகளில் பாஸ்கெட்பால் அங்கே இன்னும் சவலைப் பிள்ளை. பாஸ்டன் பரம்பரையாக ஹாக்கி ஊர். பேர்ட்டுக்கு டெலிவிஷன் இருந்தது, எதிரே மேஜிக் ஜான்ஸன் என்று ஒரு சரியான வில்லனும் கிடைத்தார். (லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு வில்லன் யார் என்று கேட்காதீர்கள்.) அந்த ஜோடி வந்த பிறகுதான் லீகே பிழைத்தது. 1980-ல் இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தைப் பல ஊர்களில் ராத்திரி வெகு நேரம் கழித்து டேப் போட்டுத்தான் காட்டினார்கள். அந்த நிலைமையை மாற்றியதில் பேர்ட்டுக்குப் பாதிப் பங்கு.

ஆனாலும் புகைச்சல் இருந்தது. 1987-ல் டெட்ராய்ட்டோடு ஐந்தாவது ஆட்டம். கடைசி விநாடிகளில் ஐசையா தாமஸ் உள்ளே போட்ட பந்தை பேர்ட் பாய்ந்து பறித்து, விழப்போகிற நிலையில் டென்னிஸ் ஜான்ஸனிடம் தள்ள, செல்டிக்ஸ் ஜெயித்தது. அந்தத் தொடர் முடிந்த கையோடு டெட்ராய்ட்டின் டென்னிஸ் ராட்மன், பேர்ட்டை வெள்ளைக்காரர் என்பதால்தான் கொண்டாடுகிறார்கள் என்றார். தாமஸும் ஆமாம் போட்டார். பத்திரிகைகள் பற்றி எரிந்தன. பேர்ட் அதைப் பெரிசுபடுத்தவே இல்லை. அவர்கள் சொன்னது ஆட்டத்தைப் பற்றி என்றால் சுத்த அபத்தம். கைதட்டலைப் பற்றி என்றால், ரஸ்ஸல் காலத்துக் காலி நாற்காலிகள் சாட்சி சொல்லும்.

இரண்டு பனியன்களுக்கும் விடை கொடுத்த விதத்தைப் பாருங்கள். 1993 பிப்ரவரியில் பேர்ட்டின் 33-க்கு ஒரு ராத்திரி பூராவும் விழா. ஆட்டமே கிடையாது. அதற்கும் டிக்கெட் வாங்கி அரங்கம் நிரம்பியது. ரஸ்ஸலின் 6-ம் நம்பரை 1972 மார்ச்சில் கூரைக்கு ஏற்றியபோது, ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். பழைய சகாக்கள் சிலர், கோச் ரெட் ஆவர்பாக், சுற்றிலும் காலி நாற்காலிகள். அவ்வளவுதான். 1999-ல் புது அரங்கத்தில் அதே நம்பரை ஜனங்கள் முன்னால் மறுபடி ஏற்றினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டே இருந்தது. ரஸ்ஸல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 65.

என்னைக் கேட்டால், என் ஓட்டு ரஸ்ஸலுக்கு. பதினொன்றுக்காக மட்டும் இல்லை. 1961-ல் லெக்ஸிங்டன் ஊர் ஹோட்டலில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்றதும், சகாக்களோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆடாமலே திரும்பியவர். 1963-ல் மிஸிஸிபியில் மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்ற சூட்டோடு அங்கே போய், கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பந்து சொல்லிக்கொடுத்தவர். சுற்றியிருக்கிறவன் கரித்துக்கொட்டும்போது ஜெயிப்பது வேறு, கொண்டாடும்போது ஜெயிப்பது வேறு. இரண்டாவதும் கஷ்டம்தான், பேர்ட்டின் முதுகைக் கேட்டால் சொல்லும். ஆனால் முதலாவதைப் பதினொரு தடவை செய்தவர் ஒருத்தர்தான்.

பேர்ட் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். ஆட்டக்காரராக, கோச்சாக, நிர்வாகியாக மூன்று விதத்திலும் லீகின் வருடாந்தர விருது வாங்கிய ஒரே ஆசாமி உங்கள் ஆள்தான். பின்னிரண்டும் இண்டியானா டீமுக்காக. நான் ஒன்றும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

2013 நவம்பரில் ஒன்பது நாள் இடைவெளிக்குள் இருவருக்கும் சிலை திறந்தார்கள். பேர்ட்டுக்கு அவர் காலேஜ் படித்த இண்டியானாவின் டெர் ஹோட் ஊரில். ரஸ்ஸலுக்கு எங்கே தெரியுமா? பாஸ்டனில், சிட்டி ஹால் வாசலில். 2022 ஜூலையில் அவர் காலமானதும், 6-ம் நம்பரை இனி லீகில் எந்த டீமிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று என்.பி.ஏ. முடிவெடுத்தது. அதே வருஷம்தான் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கு லாரி பேர்ட் பெயரையும் வைத்திருந்தார்கள்.

2024-ல் செல்டிக்ஸ் தன் பதினெட்டாவது சாம்பியன்ஷிப்பை பாஸ்டனிலேயே ஜெயித்தது. மே மாதம் லாரி பேர்ட் கோப்பை, ஜூன் மாதம் பில் ரஸ்ஸல் கோப்பை, இரண்டையும் வாங்கியது ஒரே ஆட்டக்காரர்: ஜேலன் பிரௌன். கறுப்பு இளைஞர். அன்றைக்கு அரங்கத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.