சாவா மருந்து உண்டவன் ஈவானா?

மூப்பை வெல்லலாம் என்னும் ஆசை புராணத்தை விட்டு ஆய்வுக்கூடத்தில் குடியேறி நெடுநாளாயிற்று. மனித உயிரணு ஓர் எல்லை வரையே பிரிந்து பெருகும் என்று 1961இல் ஹேஃப்லிக் காட்டினார். முதிர்ந்த உயிரணுவைக் கருநிலைக்குத் திருப்ப இயலும் என்று 2006இல் யாமனாக்கா எலியின் அணுக்களைக் கொண்டு காட்டினார். 2012இல் நோபெல் பரிசும் பெற்றார். செல்வர் பலர் இன்று இத்துறையில் பொருளைக் கொட்டுகின்றனர். கொட்டட்டும், நோய் தீர்வதை வெறுப்பார் யார்? ஆயின் இவர்களுக்காக வழக்குரைப்போர், சாவு நீங்கின் அச்சம் நீங்கும், அச்சம் நீங்கின் தன்னலம் நீங்கும், மனிதன் வள்ளலாவான் என்கின்றனரே, அது ஏற்கத் தக்கதன்று.

மூவா உடல் அழியா உடலாகாது. தீ அதனையும் சுடும். வெள்ளம் அதனையும் இழுக்கும். ஆற்றில் விழுந்த குழந்தைக்காக இன்று குதிப்பவன் பணயம் வைப்பது முப்பது நாற்பது ஆண்டுகள். மூவாதவன் வைப்பதோ எல்லையில்லாக் காலம். அவன் கரையில் நின்று கணக்குப் பார்ப்பான் என்று கருதுவது அவன்மீது பழி சுமத்துவதாகாது.

இளைஞனுக்கே இழப்பு மிகுதி, எனினும் களத்திற்கு முந்துபவன் அவனே அல்லனோ என்று கேட்கலாம். வலிய தடைதான். 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த பெண்களுள் பலர் இளம்பருவத்தினர். ஆனால் அவர்கள்முன் நின்ற வினா, இறப்பதா வேண்டாவா என்பதன்று. என்றேனும் வரப்போகும் இறப்பை எதற்கு ஈடாக்குவது என்பதே. மூவாதவனுக்கோ முதல் வினாவே முடிந்தபாடில்லை.

நம் முன்னோர் கதைகளும் இதனை அறிந்திருந்தன. அமுதுண்ட தேவர்கள் விருத்திராசுரனை வெல்ல மாட்டாமல் யாரிடம் சென்றனர்? ததீசி முனிவரிடம். அவர் உயிர் நீத்து எலும்பைத் தந்தார், அது வச்சிராயுதமாயிற்று. அமரர் கூட்டத்தில் ஓர் எலும்பு ஈவார் இல்லாமற் போயினர்! நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த அதியமானும் சாகப் பிறந்தவனே. கனியை அவனே உண்டிருப்பின், அடுத்த கனி கிடைக்கும்போது தருவோம் என்று ஒத்திவைக்க அவனுக்குக் காலம் ஏராளம்.

உயிர்க்கொடை அரிது, அன்றாட ஈகையே பெரிது. 1950களில் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, எளிய தொழிலாளரும் கூலியிலிருந்து கிள்ளிக் கொடுத்தனர். 1956இல் இந்திய இயல் துறை பிறந்தது. அத்துறையின் வாயிற்படியைத் தாம் மிதிக்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. நமக்கு இல்லை, பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்னும் சொல், போகப் போகிறவன் வாயில்தான் பிறக்கும். என்றும் இருப்பவன், ஒருநாள் நாமே படித்துக்கொள்வோம் என்று வெள்ளியை முடிச்சிலேயே வைத்திருப்பான்.

நூறாண்டுப் பொழுதைப் பிறர்க்கு உழைக்க அவன் தரலாமே எனின், தரலாம். மிகை கொடுப்பதற்கு ஈகை என்னும் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். ஆனால் நாற்காலியைத் தருவானா? எழுபதாண்டு வாழ்விலேயே சங்கத் தலைமையை முப்பதாண்டு விடாதிருப்போரை நாம் காணாததன்று. சாவும் வந்து எழுப்பாதெனில் ஆசிரியர் இருக்கையும் நிலமும் அரசும் இளையோர்க்கு என்று காலியாகும்?

யயாதி மூப்பு வந்ததும் மைந்தர்களை ஒவ்வொருவராக அழைத்து இளமையைக் கேட்டான். யது முதலானோர் மறுத்தனர். கடைசி மகன் பூரு கொடுத்தான். தந்தை ஆயிரம் ஆண்டு துய்த்தும் ஆசை அடங்காமை கண்டு இளமையைத் திருப்பித் தந்து, அரசையும் பூருவிடம் விட்டுக் காடேகினான். அவன் காடேகாதிருப்பின், பூருவுக்குக் கிடைத்திருப்பது தந்தையின் மூப்பு ஒன்றே.