மௌனமா இருந்தா மட்டும் சிலுவை சுமக்குறதா ஆயிடாது

பொய்யா ஒரு பழி வந்து விழுந்தா கிறிஸ்தவன் என்ன பண்ணணும்? நம்ம சபைகள்ல இதுக்கு ரெடிமேடா ஒரு பதில் வெச்சிருக்காங்க. "வாயைத் திறக்காதீங்க தம்பி. பிலாத்து முன்னாடி இயேசு பேசுனாரா? கர்த்தர் பாத்துக்குவார்." இதுக்கு ஆமென் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க மக்களே. இந்தப் பதிலை ஒத்துக்கிட்டா வேதத்துல பல பக்கத்தைக் கிழிச்சுப் போட வேண்டியிருக்கும்.

முதல்ல இயேசுவையே எடுத்துக்குவோம். பிரதான ஆசாரியன் முன்னாடி ஒரு சேவகன் கன்னத்துல அறைஞ்சப்போ அவர் சும்மா நிக்கல. நான் பேசுனது தப்புன்னா எது தப்புன்னு நிரூபி, சரின்னா ஏன் அடிச்சேன்னு நேருக்கு நேரா கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கல, ஆனா ஆதாரம் கேட்டார். பிலிப்பியில பவுலை விசாரணையே இல்லாம அடிச்சு ஜெயில்ல போட்டுட்டு, மறுநாள் காலைல "சத்தமில்லாம கிளம்புங்க"ன்னு சொல்லி அனுப்புனாங்க. "அதெல்லாம் முடியாது, ரோமக் குடிமக்களை அடிச்சவங்க அவங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போகட்டும்"னு உக்காந்துட்டார் மனுஷன் (அப்போஸ்தலர் 16). பின்னாடி இராயன் வரைக்கும் அப்பீல் போனார். யோசேப்பும் ஜெயில்ல பானபாத்திரக்காரன் கிட்ட, நான் எந்தத் தப்பும் பண்ணல, பார்வோன்கிட்ட என்னைப் பத்திச் சொல்லுன்னு கேட்டவர்தான். இவங்களுக்கெல்லாம் விசுவாசம் பத்தலையா அய்யா?

பிலாத்து முன்னாடி இயேசு அமைதியா இருந்தது உண்மை. ஆனா அவர் தெரிஞ்சே மரணத்துக்குப் போனவர். அந்த வேலை உங்களுக்கும் எனக்கும் கொடுக்கப்படல. அவர் வையப்பட்டும் திருப்பி வையலன்னு எழுதுன அதே பேதுருதான், அடுத்த அதிகாரத்துலயே யார் கேட்டாலும் சாந்தத்தோட பதில் சொல்லத் தயாரா இருங்கன்னும் எழுதுறார். திட்டாதேன்னா பேசாதேன்னு அர்த்தமில்ல.

பொட்டி தட்டிப் பொழைக்குற எனக்கு இந்த விஷயத்துல மறக்கவே முடியாத ஒரு கேஸ் பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் வழக்கு. புஜிட்சு கம்பெனி செஞ்ச ஹொரைசன்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் 1999-ல வந்தது. அதுல இருந்த பக் (bug இல்லீங்க, படுகுழி!) கிராமத்துப் போஸ்ட் ஆபீஸ்கள்ல இல்லாத பற்றாக்குறையைக் காட்டுச்சு. சாஃப்ட்வேர் பொய் சொல்லாதுன்னு நம்பி, 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்டவங்க மேல திருட்டு, மோசடி, பொய்க்கணக்குன்னு வழக்கு. 2025 ஜூலையில வந்த விசாரணை அறிக்கை, இதனால குறைஞ்சது 13 பேர் தற்கொலை பண்ணியிருக்கலாம்னு சொல்லுது.

இதுல மௌனம் யாருக்கு உதவுச்சுன்னு பாருங்க. மாட்டிக்கிட்டவங்கள்ல பலபேருக்குச் சொல்லப்பட்ட வசனம் ஒண்ணுதான்: "இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான்." அவமானத்துல வாயை மூடிக்கிட்டு, கையில இருந்த காசைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுனவங்க எத்தனையோ பேர். ஒவ்வொருத்தரும் அமைதியா இருந்த வரைக்கும் அந்தப் பொய் பத்திரமா இருந்தது. வேல்ஸ்ல ஆலன் பேட்ஸ்னு ஒருத்தர் மட்டும் என் கணக்குல தப்பில்ல, உங்க கம்ப்யூட்டரைக் காட்டுன்னு விடாம நின்னார். 2003-ல ஒப்பந்தம் போச்சு. விடல. 2009-ல ஃபென்னி காம்ப்டன்னு ஒரு கிராமத்து ஹால்ல பாதிக்கப்பட்டவங்களைக் கூட்டுனார். "நான் மட்டும் இல்லையா!" அன்னிக்குத்தான் பலபேருக்கு இது தெரிஞ்சுது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்குல 2019 டிசம்பர்ல நீதிபதி ஹொரைசன்ல கோளாறு இருந்ததுன்னு தீர்ப்பு சொன்னார். 2021 ஏப்ரல்ல 39 பேரோட தண்டனை ரத்து. 2024-ல நூத்துக்கணக்கான பேரோட தண்டனையை ரத்து பண்ண தனிச்சட்டமே வந்தது.

பேட்ஸ் வாயை மூடியிருந்தா? உங்க மௌனம் உங்களோட முடியுறதில்ல. அடுத்தவனுக்கும் அதே குழியைத் திறந்து வைக்குது. பிறனை நேசின்னு சொன்னவர் இதையா கேட்டார்?

அதே கேஸ்ல ஜோ ஹாமில்டன்னு ஒரு அம்மா. 36,000 பவுண்டு திருடுனதா வழக்கு. பொய்க்கணக்கு எழுதுனேன்னு ஒத்துக்கிட்டா திருட்டு வழக்கை விட்டுடுறோம்னு பேரம். ஜெயிலுக்குப் பயந்து ஒத்துக்கிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பேரத்தைப் பேசுனவங்களைத்தான் சொல்லணும். ஒரு மனுஷியை அவளுக்கு எதிராவே சாட்சி சொல்ல வெச்சது பொய்ச்சாட்சியோட உச்சம். ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? காசு வசூலிச்சுக் கொடுத்தாங்க, கோர்ட்டுக்கும் கூட்டமா வந்தாங்க. இதுதான் சபை. "பொறுமையா இருங்க சிஸ்டர்"னு சொல்லிட்டு பிரியாணி சாப்பிடப் போறது சபையில்ல.

இன்னொரு கசப்பான விஷயம். 2012-ல இருந்து 2019 வரைக்கும் அந்த நிறுவனத்தோட தலைமை நிர்வாகியா இருந்த பவுலா வெனல்ஸ், ஆங்கிலிக்கன் சபையில குருப்பட்டம் வாங்குனவங்க. அந்த 555 பேரை எதிர்த்துக் கோர்ட்ல நிறுவனம் மல்லுக்கட்டுனது அவங்க காலத்துலதான். அதனாலதான் சொல்றேன், நம்ம பிரசங்கம் தப்பான பெஞ்சைப் பாத்து நடக்குது. ஒன்பதாவது கட்டளை குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இல்ல, சாட்டுறவனுக்கு. நியாயாதிபதிகள் நல்லா விசாரிக்கணும், பொய்ச்சாட்சி சொன்னவன் நினைச்ச தண்டனை அவனுக்கே வரணும்னு உபாகமம் 19 சொல்லுது. விசாரிக்கிற பாரம் கேக்குறவங்க மேல இருக்கு. இந்த அதிகாரத்துல எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கீங்க?

அப்போ நேர்மையா பதில் சொல்றதுன்னா என்ன? உள்ளதைச் சொல்லு, கூட்டாதே, குறைக்காதே. ஆதாரம் கேளு. சட்டம் கொடுத்த வழியைப் பயன்படுத்து. பழி போட்டவன் மேல பதிலுக்கு ஒரு பொய்ப்பழியை ஜோடிக்காதே, அந்த இடத்துல நீயும் அவனும் ஒண்ணாயிடுவீங்க. பழிவாங்குறதை மட்டும் கர்த்தர் கையில விடு. உண்மையைச் சொல்ற வேலையை அவர் நம்ம கையிலதான் கொடுத்திருக்கார்.

இனிமே பழி விழுந்த ஒருத்தர்கிட்ட "கர்த்தர் பாத்துக்குவார்"னு சொல்லப் போறவங்க, அதோட ஒரு வரி சேத்துச் சொல்லுங்க: "நானும் கூட வரேன்."