37 நாள் குறைவு

இந்த முறை பேஸ்பால் பற்றி எழுதப் போகிறேன். உடனே பக்கத்தை மூடிவிடாதீர்கள். இது பென்ஷன் பற்றிய கட்டுரையும்தான். நம் வயதுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது?

2024 கோடையில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் மகள் வீட்டில் இருந்தேன். மே 11ஆம் தேதி பேரன் என் கையைப் பிடித்து இழுத்து டிவி முன்னால் உட்கார வைத்தான். "தாத்தா, இன்னிக்கு பால் ஸ்கீன்ஸ் முதல் தடவை வர்றார். எழுந்து போகக் கூடாது" என்றான். ஸ்கீன்ஸ் ஒரு பிட்சர். நம் கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் மாதிரி. ஆனால் ஓடி வர மாட்டார், பந்தும் தரையில் குத்தாது. ஒரு சின்ன மேட்டில் நின்றபடி கையைச் சுழற்றி எறிவார். அந்தப் பையன் எறிந்தது மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். எனக்கு பந்தே கண்ணில் படவில்லை.

அங்கே உச்சியில் இருப்பது மேஜர் லீக், 30 அணிகள். அதற்குக் கீழே மைனர் லீக் என்று படிக்கட்டு: ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. நம் ஆபீசில் எல்.டி.சி., யு.டி.சி., சூப்பரின்டென்டென்ட் என்று இருந்தோமே, அது மாதிரி. ஸ்கீன்ஸ் 2023 ஜூலையில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். கையெழுத்துப் போட்டதற்கே 92 லட்சம் டாலர். 2024இல் டிரிபிள்-ஏயில் ஏழு ஆட்டம் ஆடி, 27 இன்னிங்ஸ் சொச்சத்தில் 45 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்திருந்தார். அங்கே அவருக்கு எதிராக நிற்கவே ஆளில்லை.

நான் மாப்பிள்ளையைக் கேட்டேன். "இவ்வளவு கெட்டிக்காரப் பையன், மார்ச் கடைசியில் சீசன் ஆரம்பித்தபோதே ஏன் மேலே வரவில்லை?"

"கையைப் பாதுகாக்கணும் இல்லையா மாமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அது ஒரு காரணம். இன்னொண்ணு சர்வீஸ் கணக்கு" என்றார்.

சர்வீஸ் கணக்கு! முப்பத்தைந்து வருடம் சர்வீஸ் புத்தகம் எழுதியவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு இதுதான். மேஜர் லீக் சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் அணியில் இருந்தால் ஒரு முழு வருட சர்வீஸ். அப்படி ஆறு வருடம் நிறைந்தால்தான் ஆட்டக்காரர் தன் இஷ்டப்படி எந்த அணிக்கும் போகலாம், சந்தை விலையைக் கேட்கலாம். அதுவரை அவர் அந்த கிளப்பின் சொத்து. ஆக, தயாராக இருக்கிற ஒரு பையனை முதல் வருடம் இரண்டரை வாரம் மட்டும் கீழே நிறுத்தி வைத்தால், 172க்குக் கீழே போய்விடும். கிளப்புக்கு அவனுடைய உழைப்பு ஏறக்குறைய ஏழு வருடம் கிடைக்கும். பதினாறு நாளைக் கொடுத்து ஒரு வருடத்தை வாங்குகிற வியாபாரம்.

கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், அந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

எண்பதுகளில் நான் இருந்த ஒரு அலுவலகத்தில் தினக்கூலி ஆட்கள் இருந்தார்கள். 240 நாள் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்பார்கள் என்று மேலே ஒரு பயம். அதனால் அந்த எண்ணிக்கை நெருங்கும்போது ‘இவருடைய பணி இனித் தேவையில்லை’ என்று ஒரு குறிப்பு போகும். பத்து நாள் கழித்து அதே ஆளை, அதே வேலைக்கு, புதிதாக எடுப்பதாக இன்னொரு குறிப்பு போகும். இரண்டையும் எழுதியது என் பேனா. தோட்டவேலை பார்த்த ஒருவர் ஒருமுறை என் மேசை முன்னால் நின்று, "ஐயா, செடிக்கு இன்னிக்கும் தண்ணி ஊத்தணுமே, வேலை எப்படித் தேவையில்லாம போகும்?" என்று கேட்டார். நான் தலை நிமிராமல் அடுத்த ஃபைலை எடுத்தேன். விதிப்படிதான் நடந்தது. ஆனால் ‘தேவையில்லை’ என்று எழுதினேனே, அது பொய். செடிக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

‘பையன் இன்னும் பக்குவப்படவில்லை’ என்று கிளப்புகள் சொல்லும்போது எனக்கு அந்தக் குறிப்புதான் ஞாபகம் வருகிறது. எப்போதும் அது பொய் என்று நான் சொல்லவில்லை. பிட்ஸ்பர்க் கிளப்பின் மனசுக்குள் புகுந்து பார்க்கவும் என்னால் முடியாது. ஆனால் பொய்யா நிஜமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரு விதி இருக்கிறதே, என் சண்டை அந்த விதியோடுதான்.

உதாரணம் வேண்டுமா? சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட். இவர் பிட்சர் அல்ல, பேட்ஸ்மேன். 2015இல் பயிற்சி ஆட்டங்களில் வெளுத்து வாங்கினார். ஆனாலும் ஏப்ரல் 17 அன்றுதான் மேலே கூப்பிட்டார்கள். அந்த வருடம் அவர் கணக்கில் ஏறியது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! முறையீடு செய்தார். 2020இல் தீர்ப்பு வந்தது, தோற்றார். தடுப்பாட்டத்தைத் திருத்திக்கொள்ளத்தான் கீழே வைத்தோம் என்றது கிளப். 171 என்ற எண் தானாக வந்து விழுந்ததாம்.

சியாட்டில் அணியின் தலைவர் கெவின் மாத்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். 2021 பிப்ரவரியில் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுப் பேசிவிட்டார். இளம் பிட்சர் லோகன் கில்பர்ட் சீசன் தொடக்கத்தில் வரமாட்டார், கொஞ்சம் கழித்து வருவார், அப்படியானால் ஆறு வருடம் நம்மிடம் இருப்பார் என்ற பொருளில் பேசினார். பேச்சு வெளியே வந்து பெரிய கூச்சல் ஆனது. அவர் பதவி விலகினார். சொன்னதற்காகத்தான் பதவி போனது. சொன்ன முறை அப்படியே இருக்கிறது.

"அப்படியானால் திறமை தெரிந்ததும் மேலே தூக்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் எதிர்ப்பக்கத்துப் பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்த பையனின் பெயர் டேவிட் கிளைட்.

1973. ஹூஸ்டனில் பள்ளி மாணவர், வயது 18. கடைசி வருடம் 18 ஆட்டம் ஜெயித்து ஒன்றுகூடத் தோற்காதவர். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை நாட்டின் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த அணி அப்போது கடைசி வரிசை. மைதானத்துக்கு 10,000 பேர் வந்தாலே பெரிது. முதலாளி பாப் ஷார்ட்டுக்குப் பண நெருக்கடி. ஒரு நாள்கூட மைனர் லீகில் ஆடாத அந்தப் பையனை ஜூன் 27 அன்று நேராக மேஜர் லீக் மேட்டில் ஏற்றிவிட்டார். 35,698 பேர் கூடினார்கள். கார் நெரிசலில் சிக்கியவர்கள் உள்ளே வரட்டும் என்று ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்கினார்கள்.

பையன் ஜெயித்தார். ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட், எட்டு ஸ்ட்ரைக்-அவுட். ஊரே கொண்டாடியது. ஆனால் அதே ஸ்கோர் அட்டையில் இன்னொரு எண் இருந்தது: ஏழு வாக். அதாவது ஏழு பேருக்கு அடிக்கக்கூடிய இடத்தில் பந்தைப் போட முடியாமல் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார். முதல் இரண்டு பேரே அப்படித்தான் போனார்கள். இந்தப் பையன் இன்னும் தயாரில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இரண்டு ஆட்டம் முடிந்ததும் கீழே அனுப்பிப் பழக்குவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் டிக்கெட் விற்கிற சரக்கை யார் திருப்பி அனுப்புவார்கள்? அந்த வருடம் 4 வெற்றி, 8 தோல்வி. அப்புறம் தோள்வலி, சிகிச்சை, வேறு அணி. 1979இல் எல்லாம் முடிந்தது. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. கடைசி ஆட்டத்தின்போது வயது 24.

இனிமேல்தான் பென்ஷன். அந்தக் காலத்து மேஜர் லீக் விதிப்படி பென்ஷனுக்கு நான்கு வருட சர்வீஸ் வேண்டும். கிளைட்டுக்கு 37 நாள் குறைந்தது. 1980இல் விதியை மாற்றி, 43 நாள் இருந்தாலே ஒரு சிறு பென்ஷன் என்று ஆக்கினார்கள். ஆனால் அது அதற்குப் பின் ஆடியவர்களுக்கு மட்டும். இவர் 1979இல் முடித்தவர். 2011 முதல் இப்படி விடுபட்டவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள். அது பென்ஷன் இல்லை, ஆளோடு போய்விடும், மனைவிக்குக் குடும்ப பென்ஷனாகத் தொடராது.

நம் மத்திய அரசு பென்ஷன் விதிக்கு ஆயிரம் குறை சொல்வோம். ஆனால் அதில் ஒரு மனிதத்தன்மை உண்டு. மூன்று மாதமும் அதற்கு மேலும் இருந்தால் அரை வருடமாகக் கணக்கு. ஒன்பது வருடம் ஒன்பது மாதம் முடித்தவர் பத்து வருடக்காரராகவே ஏற்கப்படுவார். இந்தக் கையால் அப்படிப் பலருக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த முறைப்படி பார்த்தால் 37 நாள் ஒரு பொருட்டே அல்ல, கிளைட் கரை ஏறியிருப்பார். அரங்கத்தை நிரப்ப அவர் வேண்டும். ஆனால் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும்போது மட்டும் காலண்டரை எடுத்து நாள் எண்ணினார்கள்.

மாப்பிள்ளை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, கிளைட்டை வெச்சு மட்டும் பேசாதீங்க. டுவைட் குடன் 19 வயசுல வந்து 276 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தார். பாப் ஃபெல்லர் 17 வயசுல வந்தார், ஸ்கூல்கூட முடிக்கலை. ஸ்ட்ராஸ்பர்க்கைப் பொத்திப் பொத்தி வளர்த்தாங்க, முதல் வருஷமே முழங்கை போச்சு" என்றார்.

மூன்றும் உண்மை. வயது அளவுகோல் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தார். செப்டம்பரில் முழங்கை அறுவை சிகிச்சை. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அந்த வேகத்தை மனிதக் கை எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கை தாங்குமா என்பது ஒரு கேள்வி, ஆள் தயாரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை இல்லை என்பதைக் காட்டி இரண்டாவதை மழுப்பக் கூடாது.

இரண்டாவதற்கு விடை உண்டு. பேரனோடு இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே கொஞ்சம் விளங்கியது. வேகப்பந்து ஒன்றை மட்டும் நம்பியிருக்கிறாரா, வேறு இரண்டு மூன்று விதமாகவும் எறிவாரா? நினைத்த இடத்தில் பந்து விழுகிறதா? அதே பேட்ஸ்மேன் மூன்றாவது தடவை எதிரே வரும்போது, முதல் தடவை ஏமாந்தவன் இப்போது ஏமாற மாட்டானே, அப்போது என்ன செய்கிறார்? ஒரு இன்னிங்ஸ் நாசமாய்ப் போன பிறகு அடுத்ததில் அதே நிதானத்தோடு நிற்கிறாரா? போன வருடம் எவ்வளவு எறிந்தார், இந்த வருடம் படிப்படியாக ஏற்றியிருக்கிறார்களா? இவை எல்லாம் கண்ணால் பார்த்து, எழுதி வைத்து, சரிபார்க்கக் கூடியவை. இந்தப் பட்டியலில் டிக்கெட் விற்பனை இல்லை. 172ம் இல்லை.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். நோட்டைத் திருப்பித் தரும்போது ‘பா ஸாங்க்கோர்’ என்பார். ‘இன்னும் இல்லை’ என்று அர்த்தம். கோபம் வரும், அழுகைகூட வரும். ஆனால் நம்பினோம். எங்களை நிறுத்தி வைப்பதால் அவருக்குச் சல்லிக்காசு லாபம் கிடையாது. நாங்கள் தேறினால்தான் அவருக்குப் பெருமை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ‘தயார்’ என்றோ ‘இன்னும் இல்லை’ என்றோ சொல்கிறவருக்கு, அந்தப் பதிலால் லாபம் இருக்கக் கூடாது.

2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் திருத்தினார்கள். வருடத்தின் சிறந்த புதுமுகம் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், எப்போது மேலே வந்திருந்தாலும் முழு வருட சர்வீஸ். ஸ்கீன்ஸுக்கு மே 11 முதல் எண்ணினால் 140 நாளைச் சுற்றித்தான் வரும். 133 இன்னிங்ஸ், 170 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து அந்தப் பரிசை வென்றதால் முழு வருடம் கிடைத்தது. பேரன் துள்ளிக் குதித்தான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இது திருத்தமா, பிரசாதமா? மூன்றாம் இடத்துக்காரர் என்ன பாவம் செய்தார்? பரிசு வாங்கினால்தான் நியாயம் கிடைக்கும் என்றால், அதற்குப் பெயர் நியாயம் இல்லை.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. மேலே ஏறிய நாளிலிருந்து எண்ணாமல், கிளப்பில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து வருடத்தை எண்ணுங்கள். அப்போது தாமதப்படுத்தி யாருக்கும் லாபமில்லை. பிட்சிங் பயிற்சியாளரும் மருத்துவரும் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும், முதலாளி அதில் கை வைக்காமல் இருக்கட்டும். அவசரப்பட்டு ஏற்றிவிட்டுப் பாழாக்கிய பையன்களுக்கு அந்தக் குறைந்த நாட்களைத் தள்ளுபடி செய்து பென்ஷன் கொடுங்கள். 37 நாளைத் தள்ளுபடி செய்ய ஒரு பக்கக் குறிப்பு போதும். தேவைப்பட்டால் நானே எழுதித் தருகிறேன்.

அந்தத் தோட்டக்காரருக்கு நான் எழுதித் தரவில்லை. அவர் எத்தனை வருடம் அங்கே தண்ணீர் ஊற்றினார் என்று எந்த சர்வீஸ் புத்தகத்திலும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து இப்படி நாள் எண்ணிய நண்பர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்தால் எழுதுங்கள்.